பழைய ராடு பிரேக் சைக்கிளுக்கு ஹேண்டில் கப் செட் மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

ராலே, பிலிப்ஸ், ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ என்று வீட்டு மூலையில் நிற்கும் 28 அங்குல ராடு பிரேக் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது. ஹேண்டிலும் போர்க்கும் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) சேர்ந்து திரும்பும் இடத்தில் மேலே ஒரு கப், கீழே ஒரு கப், இரண்டிலும் குண்டுகள் இருக்கும். ஒவ்வொரு கப்புக்கும் எதிரே நின்று குண்டுகளைப் பிடிக்கும் வளையம்தான் கோன். மேல் கோனைப் பூட்டி வைப்பது உச்சியிலுள்ள லாக் நட். கடையில் இந்த முழுத் தொகுதியையும் ‘ஹேண்டில் கப் செட்’ என்று கேட்டால் புரியும்.

வேலையே கடினம் என்று சொல்ல முடியாது. புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் புதிய செட்டை வாங்கிவிடுகிறார்கள், பிறகு வண்டியைப் பிரிக்கிறார்கள், மரை சேரவில்லை என்று அப்போதுதான் தெரிகிறது. ஆகவே பிரிப்பது, அளப்பது, வாங்குவது, பொருத்துவது என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

1. கோளாறு கப்பில்தானா என்று பாருங்கள்

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ‘டொக் டொக்’ என்று அடிக்கும். அதை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். ராடு பிரேக் வண்டியில் பிரேக் கட்டைகளின் ஆட்டமும், முன் சக்கர ஆக்சில் கோனின் ஆட்டமும் இதே சத்தத்தைத்தான் தரும். முன் சக்கரத்தைப் பக்கவாட்டில் முழுக்கத் திருப்பி வைத்து, பிரேக் பிடிக்காமல் ஆட்டிப் பாருங்கள். அதே சமயம் ஒரு விரலைக் கீழ்க் கப்பும் போர்க்கும் சேரும் இடத்தில் வையுங்கள். அசைவு விரலுக்குத் தட்டினால் கோளாறு கப்பில் இருக்கிறது.

பிறகு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ‘டக்’கென்று பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால், கப்பிலும் கோனிலும் குண்டுகள் குழி போட்டுவிட்டன. வண்டி நேராக ஓடும்போது குண்டுகள் ஒரே இடத்தில் நின்று நுணுக்கமாக அதிர்கின்றன. அங்கிருந்த கிரீஸ் ஒதுங்கியதும் இரும்பும் இரும்பும் உரசிக் குழி விழுகிறது. அந்தக் குழியை எந்தச் சரிசெய்தலும் நீக்காது, பாகத்தை மாற்றத்தான் வேண்டும். வெறும் ஆட்டம் மட்டும் இருந்தால் லாக் நட்டைச் சரிசெய்வதே போதும். நேரே 9ஆம் பகுதிக்குப் போகலாம்.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

லாக் நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் தட்டை ஸ்பேனர் ஒன்று. அதன் கீழுள்ள மேல் கோன் வட்டமாக இருந்தால் கொக்கி ஸ்பேனர், ஆறுமுகமாக இருந்தால் இன்னொரு தட்டை ஸ்பேனர். உளியை வைத்துத் தட்டி நட்டைத் திருப்பும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பழைய வண்டியின் நட்டுகளில் பாதி சிதைந்து கிடப்பதற்கு அதுதான் காரணம்.

வெர்னியர் காலிபர் அவசியம். பிளாஸ்டிக்கில் மலிவானதும் போதும், ஸ்கேலால் இந்த அளவுகளைப் பிடிக்க முடியாது. பழைய கப்பைத் தட்ட 10 அல்லது 12 மி.மீ. கனமுள்ள, முனை தட்டையான ஒன்றரை அடி இரும்புக்கம்பி வேண்டும். புதிய கப்பை ஏற்ற 12 மி.மீ. மரைக்கம்பி ஓரடி, இரண்டு நட்டு, கப்பைவிட அகலமான கனத்த வாஷர் இரண்டு. கீழ்க் கோனை இறக்க ஒரு அங்குல ஜிஐ பைப் ஒன்றரை அடி. இவற்றோடு சுத்தியல், மரக்கட்டை, டீசல், பழைய துணி, லித்தியம் கிரீஸ்.

கிரீஸுக்குப் பதில் என்ஜின் ஆயில் ஊற்றாதீர்கள். ஒரு வாரத்தில் கீழே வழிந்துவிடும், போகும்போது புழுதியை மட்டும் உள்ளே விட்டுச் செல்லும்.

3. பிரேக் ராடும் ஹேண்டிலும்

முன் சக்கரத்தைக் கழற்றுங்கள். மட்கார்டையும் போர்க்கிலிருந்து எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் கீழ்க் கோனைத் தட்டும்போது அது நெளியும்.

ராடுகளைக் கழற்றுமுன் ஒவ்வொரு இணைப்பிலும் எந்த உயரத்தில் பிடித்திருக்கிறது என்று பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். முன் பிரேக் ராடு ஹேண்டிலிலிருந்து இறங்கிச் சக்கரத்துக்கு மேலுள்ள வளையத்தில் சேர்கிறது. பின் பிரேக் ராடு ஃபிரேமில் உள்ள முட்டில் சேர்கிறது. இரண்டையும் விடுவிக்காமல் ஹேண்டிலை உருவினால் ராடு வளைந்துவிடும். வளைந்த ராடை நிமிர்த்தினாலும் பிரேக் முழுதாகத் திரும்பி வராது.

ஹேண்டில் தண்டின் உச்சியிலுள்ள நீள போல்ட்டை நான்கைந்து சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்றிவிடாதீர்கள். மேலெழுந்து நிற்கும் போல்ட் தலையில் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. தண்டின் அடியில் விரிந்து பிடித்திருக்கும் கூம்பு கீழே இறங்கும், போல்ட் தலையும் பழைய இடத்துக்கு வரும், ஹேண்டில் தானாகத் திரும்பும். முழுக்கக் கழற்றிவிட்டால் தட்டுவதற்குத் தலை இருக்காது, கூம்பு உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

துருப்பிடித்து இறுகியிருந்தால் தண்டைச் சுற்றி டீசல் விட்டு ஓர் இரவு விடுங்கள். அவசரப்பட்டு ஹேண்டிலை முறுக்கினால் தண்டு வருவதற்குமுன் போர்க் வளைந்துவிடும்.

4. போர்க்கை இறக்குதல்

கீழே வெளிர்நிறத் துணி விரியுங்கள். லாக் நட், விளக்கு மாட்டும் கொண்டி, நாக்கு வாஷர் (உள்விளிம்பில் சிறு நாக்கு நீட்டிய வாஷர்), மேல் கோன் என்ற வரிசையில் வெளியே வரும். வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். மேல் கோனின் கடைசிச் சுற்றில் இன்னொரு கையால் போர்க்கைக் கீழிருந்து தாங்குங்கள். விட்டால் போர்க் விழும், குண்டுகள் அறை முழுக்க ஓடும்.

மேல் கப்பிலிருந்த குண்டுகளையும் கீழ்க் கப்பிலிருந்தவற்றையும் தனித்தனியே எண்ணி எழுதிவையுங்கள். ராலே வகை வண்டிகளில் பெரும்பாலும் ஒவ்வொரு பக்கமும் 5/32 அங்குலக் குண்டு 25 இருக்கும். ஆனால் முன்பு யாராவது இரண்டு குண்டு குறைத்துப் போட்டிருக்கலாம், அளவே மாற்றியிருக்கலாம். ஆகவே பழைய எண்ணிக்கையை ஒரு தகவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடைத்தபின், குண்டு ஓடும் பாதையில் பேனா முனையை மெல்ல ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத குழியும் கைக்குத் தட்டும். பாதை வழவழப்பாக இருந்தால் கப்பைத் தொட வேண்டாம், புதிய குண்டும் கிரீஸும் மட்டும் போதும். தட்டி எடுத்த கப்பைத் திரும்ப அடித்தால் முதல் இறுக்கம் கிடைக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர்க் தண்டையும் (போர்க்கிலிருந்து மேலெழும் மரையுள்ள குழாய்) இப்போதே பார்த்துவிடுங்கள். மரை முடியும் இடத்திலும், நாக்கு வாஷருக்கான பள்ளத்தின் அடியிலும் மயிரிழை விரிசல் இருந்தால் அந்தப் போர்க் ஓட்டத்துக்கு ஆகாது. புதிய கப் செட் அதைக் காப்பாற்றாது.

5. அளவெடுத்தல்

இந்தப் பகுதிக்கு அரை மணி நேரம் கொடுங்கள். மற்ற எல்லாப் பிழையையும் திருத்திக்கொள்ளலாம், இங்கே செய்யும் பிழை போர்க்கையே தின்றுவிடும்.

மரை: போர்க் தண்டின் விட்டம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. பொது அளவில் இதற்கு அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்ஹாம் ராலே தொழிற்சாலை தனக்கென்று 26 மரை வைத்திருந்தது. விட்டம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பெயர்ப்பலகையையும் நம்ப முடியாது. 1960க்குப் பின் பிலிப்ஸ், ஹெர்குலிஸ் பெயர்களில் ராலே தொழிற்சாலையிலேயே செய்யப்பட்ட வண்டிகள் உண்டு. இந்தியாவில் செய்த வண்டிகளையும் அளந்தே தீர்மானியுங்கள்.

அளப்பது எளிது. வெர்னியரை 12.7 மி.மீ.க்குத் திறந்து மரையின்மேல் வைத்து எண்ணுங்கள். அந்த அரை அங்குலத்தில் 12 மரை இருந்தால் 24 வகை, 13 இருந்தால் 26 வகை. அழுக்கு இருந்தால் எண்ணிக்கை தப்பும், பல்துலக்கும் பிரஷ்ஷால் முதலில் தேய்த்துவிடுங்கள்.

கடையில் இன்னொரு சோதனை. புதிய லாக் நட்டை விரலால் மட்டும் போர்க்கில் ஏற்றிப் பாருங்கள். சரியான மரையானால் ஆறேழு சுற்று வழுக்கிக்கொண்டு போகும். தவறான மரையானால் முதல் சுற்று போகும், இரண்டாவதில் கனக்கும், மூன்றாவதில் நிற்கும். ஒரு மரைக்கு 0.08 மி.மீ. வித்தியாசம்தான், ஆனால் மூன்று சுற்றில் அது கால் மி.மீ. ஆகிவிடுகிறது. ‘ஸ்பேனர் போட்டால் ஏறிடும்’ என்று யாராவது சொன்னால் போர்க்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஏறத்தான் செய்யும், பழைய மரையை அழித்துக்கொண்டு ஏறும்.

26 மரைக்குச் செட் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? மேல் கோனும் லாக் நட்டும் மட்டுமே மரையில் ஏறுபவை. கீழ்க் கப், கீழ்க் கோன், ஃபிரேமில் உள்ள மேல் கப் ஆகியவற்றுக்கு மரையே இல்லை. அதிகம் தேய்வது கீழ்ப் பக்கம்தான், எடையும் புழுதியும் சேறும் அங்கேதான். ஆகவே பழைய மேல் கோனும் லாக் நட்டும் நன்றாக இருந்தால் அவற்றை வைத்துக்கொண்டு கீழ் ஜோடியை மட்டும் மாற்றலாம். ஒரு நிபந்தனை: கப்பையும் அதன் எதிர்க் கோனையும் ஜோடியாகவே மாற்றுங்கள். வேறு வேறு செட்டின் கப்பும் கோனும் சேர்ந்தால் குண்டு ஓடும் வட்டம் ஒத்துவராது. 26 மரையின்மேல் 24 மரை வெட்டித் தருவதாகச் சொல்வார்கள். அதில் இரண்டு மரையும் பாதிப் பாதிதான் மிஞ்சும், லாக் நட் நிற்காது.

கப்பின் விட்டம்: ஃபிரேமின் தலைக்குழாய்க்குள் (போர்க் தண்டு நுழையும் முன்குழாய்) இறங்கும் பகுதியை அளந்து பாருங்கள். பொது அளவும் ராலே அளவும் 30.2 மி.மீ., ஜப்பான் அளவு 30.0. குழாயின் உள்விட்டத்தைவிடக் கப் 0.1 முதல் 0.2 மி.மீ. பெரிதாக இருந்தால்தான் இறுகி நிற்கும்.

கீழ்க் கோனின் உள்விட்டம்: இது போர்க்கின் தோளில், அதாவது போர்க் தண்டின் அடியில், உட்காரும் வளையம். 26.4 ஒரு வகை, 27.0 ஜப்பான் வகை. 26.4 வளையத்தை 27 மி.மீ. தோளில் அடித்து ஏற்ற முயன்றால் வளையம் வெடிக்கும், அது கடினப்படுத்திய இரும்பு. 27.0 வளையத்தைச் சிறிய தோளில் போட்டால் அரை மி.மீ. ஆடும். அதற்குத் தகடு வைத்து ஒப்பேற்றலாம் என்பவர்கள் உண்டு, செய்யாமலிருப்பதே நல்லது.

அடுக்கின் உயரம்: போர்க் தண்டின் நீளத்திலிருந்து தலைக்குழாயின் நீளத்தைக் கழியுங்கள். தண்டு 178, குழாய் 140 என்றால் 38 மி.மீ. மிச்சம். லாக் நட், விளக்குக் கொண்டி எல்லாம் சேர்த்துப் புதிய செட் இதற்குள் அடங்க வேண்டும். 3 மி.மீ. கூடினால் லாக் நட்டுக்குப் பிடிக்க மூன்று சுற்று மரை குறைந்துவிடும். விளக்குக் கொண்டியைக் கணக்கில் விடுவதுதான் வழக்கமான தவறு.

குண்டு: 5/32 அங்குலம் என்பது 3.97 மி.மீ., 3/16 என்பது 4.76 மி.மீ. பழைய குண்டு 3.9 காட்டினால் அது தேய்ந்த 5/32தான். 50 வேண்டுமென்றால் 60 வாங்குங்கள், பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். தேயாத நான்கைந்து குண்டுகளே முழு எடையையும் தாங்கி, புதிய கப்பிலும் குழி போட்டுவிடும்.

6. பழைய கப்பை எடுத்தல்

மேல் கப்பை எடுக்க இரும்புக்கம்பியைக் கீழிருந்து விடுங்கள், கீழ்க் கப்புக்கு மேலிருந்து. குழாய்க்குள் கப்பின் விளிம்பு கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். கம்பியின் முனையை அதில் நிறுத்தி, இடம் ஒரு தட்டு, வலம் ஒரு தட்டு, முன் ஒன்று, பின் ஒன்று என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒரே பக்கம் அடித்தால் கப் சாய்ந்துகொண்டு குழாயின் வாயை முட்டை வடிவமாக்கிவிடும். அதன்பிறகு எந்தக் கப்பும் அங்கே நிற்காது.

போர்க்கின் தோளிலுள்ள கீழ்க் கோனுக்கு அடியில் முதலில் பழைய கத்தியின் மெல்லிய அலகை விட்டு ஒரு மயிரிழை இடைவெளி உண்டாக்குங்கள். பிறகு உளியை இரு பக்கமும் மாற்றி வைத்துத் தட்டினால் மேலேறி வரும்.

குழாயின் உட்புறத் துருவையும் விளிம்புப் பிசிறையும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அரத்தை உள்ளே விடாதீர்கள், 0.1 மி.மீ. இறுக்கம் இரண்டு இழுப்பில் போய்விடும். எடுத்த பாகங்களைத் தூக்கி எறியவும் வேண்டாம், வண்டி ஓடும்வரை ஒரு டப்பாவில் கிடக்கட்டும்.

7. புதிய கப்பும் கீழ்க் கோனும்

குழாயின் உள்விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூச்சு. மரைக்கம்பியைக் குழாய் வழியாக விட்டு, மேலே கப், அதன்மேல் வாஷர், நட்டு. கீழே வாஷர், நட்டு. கீழ் நட்டைப் பிடித்துக்கொண்டு மேல் நட்டை மெதுவாக இறுக்குங்கள். முதல் இரண்டு மி.மீ. இறங்கியதும் நிறுத்திச் சுற்றிலும் பாருங்கள். இடைவெளி எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால் தொடருங்கள். சாய்ந்திருந்தால் எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள், இறுக்கினால் நேராகிவிடும் என்று நம்ப வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு கப் போதும்.

சுத்தியலும் மரக்கட்டையும்தான் இருக்கிறதென்றால் அதிலும் முடியும். கப் இறங்கும்வரை சத்தம் மந்தமாக இருக்கும், அடியில் உட்கார்ந்ததும் ‘ணங்’கென்று மாறும். அதற்குமேல் ஒரு அடிகூட வேண்டாம்.

கப் விரலாலேயே உள்ளே போய்விட்டால் அளவு தப்பு. 30.0 கப்பாக இருந்தால் குளிர்பான அலுமினிய டின்னை வெட்டி ஒரு சுற்று வைத்து ஏற்றலாம். அந்தத் தகடு சுமார் 0.1 மி.மீ. கனம், இரு பக்கமும் சேர்ந்து விட்டத்தில் 0.2 கூடும்.

கீழ்க் கோனுக்கு ஜிஐ பைப். அதன் உள்விட்டம் சுமார் 27 மி.மீ. என்பதால் போர்க் தண்டின்மேல் தாராளமாக இறங்கி, கோனின் உள்விளிம்பில் மட்டும் உட்காரும். பைப்பின் முனை சாய்வின்றி வெட்டப்பட்டிருக்க வேண்டும், வெளிவிளிம்பை அரத்தால் சரித்துக்கொள்ளுங்கள். குண்டு ஓடும் பாதையில் பைப் பட்டால் புதிய கோனில் முதல் நாளே வடு. போர்க்கின் கால் நுனிகளைத் தரையில் ஊன்றித் தட்டாதீர்கள், தோளுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துத் தட்டுங்கள். கோனுக்கு அடியில் வெளிச்சம் தெரியும்வரை வேலை முடியவில்லை.

8. குண்டும் கிரீஸும்

வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். இப்போது கீழ்க் கப் வானம் பார்க்கும். பாதை நிறையக் கிரீஸ் வைத்துக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதியுங்கள். வட்டம் நிறைந்ததும் பாதிக் குண்டு அளவுக்கோ சற்றுக் கூடவோ இடைவெளி மிஞ்ச வேண்டும். ஒன்றோடொன்று நெருக்கி இடைவெளியே இல்லையென்றால் ஒன்றை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குண்டுகள் உருளாமல் உரசும்.

செட்டோடு கூட்டில் (குண்டுகளைப் பிடித்திருக்கும் தகட்டு வளையம்) கோத்த குண்டு வந்திருந்தால், கூட்டைத் தூக்கிவிட்டுத் தனிக் குண்டு போடுவதே என் பரிந்துரை. குண்டு கூடும், எடை பங்காகும். கூட்டோடுதான் போடுவேன் என்றால் இரு பக்கமும் வைத்துச் சுற்றிப் பாருங்கள். சரியான பக்கத்தில் குண்டு மட்டும் படும், தவறான பக்கத்தில் கூட்டின் தகடு கரகரக்கும்.

போர்க்கை மேலிருந்து நேராக இறக்குங்கள். அதை ஃபிரேமோடு சேர்த்து அழுத்திப் பிடித்தபடி வண்டியை நிமிர்த்துங்கள். இந்த ஒரு இடத்தில் இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. மேல் கப்பிலும் அதேபோல் கிரீஸ், குண்டு. பிறகு மேல் கோனை விரலால் ஏற்றுங்கள்.

9. லாக் நட்டைச் சரியாக வைத்தல்

முன் சக்கரத்தை மாட்டிக்கொள்ளுங்கள், ராடுகள் இன்னும் வேண்டாம். மேல் கோனை விரலால் குண்டில் படும்வரை இறுக்கி, பிறகு எட்டில் ஒரு சுற்று பின்னுக்கு எடுங்கள். இப்போது இம்மியளவு ஆட்டம் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது அது மேல் கோனை மரையின் இடைவெளி அளவுக்குக் கீழே தள்ளும், அந்த ஆட்டம் அதில் மறையும். ஆட்டமே இல்லாமல் வைத்துவிட்டு லாக் நட்டை இறுக்குபவர்களுக்குத்தான் ஹேண்டில் கல்லாக நிற்கிறது.

அடுத்து நாக்கு வாஷர். அதன் நாக்கு தண்டின் பள்ளத்தில் உட்கார வேண்டும். இது இல்லாவிட்டால் லாக் நட் திரும்பும்போது கோனையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அதன்மேல் விளக்குக் கொண்டி, பிறகு லாக் நட். கோனை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை இன்னொன்றால் இறுக்குங்கள்.

சோதனை இரண்டு. சக்கரத்தைத் தூக்கி வண்டியைச் சற்றுச் சாய்த்தால் போர்க் தன் எடையிலேயே ஒரு பக்கமாகக் கடைசிவரை திரும்பி விழ வேண்டும். 1ஆம் பகுதியில் சொன்னபடி ஆட்டினால் விரலில் எதுவும் தட்டக்கூடாது. இரண்டும் ஒரே முயற்சியில் கிடைப்பது அபூர்வம், நான்கைந்து முறை தளர்த்தி இறுக்க வேண்டியிருக்கும்.

நட் இறுகிவிட்டது, ஆனாலும் ஆட்டம் போகவில்லையா? லாக் நட்டின் உதடு தண்டின் உச்சியில் முட்டிக்கொண்டிருக்கிறது, கோனை அழுத்தவே இல்லை. விளக்குக் கொண்டியை எடுத்துவிட்ட வண்டிகளில் இது அடிக்கடி வரும். எடுத்த கனத்துக்கு ஒரு வாஷர் போட்டால் தீரும். ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் இறுகினால், கப்போ கோனோ சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்பேனரால் அதைத் தீர்க்க முடியாது, 7ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

10. ஹேண்டிலும் ராடும்

ஹேண்டில் தண்டிலும் கூம்பிலும் கிரீஸ் பூசுங்கள், அடுத்த முறை கழற்றுபவர் வாழ்த்துவார். தண்டு குறைந்தது 65 மி.மீ. உள்ளே போகட்டும். அதைவிட முக்கியம், கூம்பு விரியும் இடம் போர்க் தண்டின் மரைப் பகுதிக்குக் கீழே இருக்க வேண்டும். மரை வெட்டிய இடத்தில் சுவர் மெலிந்திருக்கும். கூம்பு அங்கே விரிந்தால் தண்டு உப்பும், லாக் நட் சிக்கும், கடைசியில் விரிசல் விடும்.

சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து ஹேண்டிலை முறுக்கிப் பாருங்கள். சாதாரண பலத்துக்கு அசையக்கூடாது. பெயின்ட் கோடுகளைப் பார்த்து ராடுகளைச் சேருங்கள். புதிய செட்டின் உயரம் ஓரிரண்டு மி.மீ. மாறியிருந்தால் முன் பிரேக் கட்டைகள் ரிம்மோடு நெருங்கியோ விலகியோ நிற்கும். இணைப்பைத் தளர்த்தி அந்த அளவுக்கு நகர்த்துங்கள். ஹேண்டிலை முழுக்க இருபுறமும் திருப்பிப் பிரேக் தானாகப் பிடிக்கிறதா என்று பார்த்தபின்பே தெருவில் இறக்குங்கள்.

11. ஒரு வாரம் கழித்து

புதிய கப்பும் கோனும் எடையில் இன்னும் கொஞ்சம் அமரும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் சிறு ஆட்டம் தலைகாட்டுவது இயல்பு. லாக் நட்டைத் தளர்த்தி, கோனை ஒரு நூல் அளவு திருப்பி, மறுபடி பூட்டுங்கள். இந்த ஆட்டத்தோடு மாதக்கணக்கில் ஓட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் குண்டுகள் கப்பைச் சுத்தியல்போல் அடித்துக்கொண்டிருக்கும்.